அதுக்கு முன்னால இன்னா ஆச்சி?

அழுகின பழத்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். பெல்ட் ஓடும், பழம் வரும், கண் பார்க்கும், கை எடுக்கும். புத்தூருக்கும் வடமாலபேட்டைக்கும் நடுவே ரோட்டை ஒட்டி இருந்த எங்கள் மாங்கூழ் ஃபாக்டரியில் ஒவ்வொரு சீசனிலும் எத்தனையோ பெண்கள் இந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் அழுகின பழத்தை நிறுத்தி வைத்து விசாரணை நடத்தியதில்லை. அவள் நடத்தினாள். எடுத்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காம்படியை முகர்ந்தாள், பிறகு பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என்னிடம், "இது எந்த லாரில வந்துச்சி சார்?" என்றாள்.

"எந்த லாரியா இருந்தா இன்னாம்மா? அழுகிடுச்சி, தூக்கிப் போடு."

"அழுகிடுச்சி, சரி. அதுக்கு முன்னால இன்னா ஆச்சி?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் பத்து அழுகல் அவளைத் தாண்டிப் போய்விட்டது. நான் ஷிப்ட் இன்சார்ஜ். மணிக்கு எத்தனை டன் என்பதைத் தவிர என் மண்டையில் அப்போது வேறு எதற்கும் இடம் கிடையாது. ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு என்னிடம் திட்டு விழுந்தது. ஆனால் மனசு கேட்காமல் மறுநாள் அந்த லாரியை விசாரித்தேன். மழையில் நனைந்த பழத்தைக் காயவிடாமல் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஆளிடம் அடுத்த லோடு வாங்கவில்லை. இதை அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும் என்று பயம்.

அவளுக்கு வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். ஒல்லி. நடக்கும்போது யாரையோ பிடிக்கப் போகிற மாதிரி ஒரு வேகம். இடது கை முழங்கையில் லேசாக வளைந்திருக்கும். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ புத்தூருக்கு வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள், பக்கத்து ஊர்க்காரிக்குக் கை கோணலா என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கட்டுனவங்க நல்லாத்தான் கட்டுனாங்க சார். பச்சிலை, முட்டை வெள்ளக்கரு, மேல மூங்கில் பத்தை, எல்லாம் சரியா வச்சிதான் கட்டுனாங்க. நாந்தான் பத்தாம் நாளு பிரிச்சிட்டேன்."

"ஏன், வலி தாங்கலயா?"

"வலியெல்லாம் இல்ல. உள்ள எலும்பு எப்டி ஒட்டுதுன்னு பாக்கலாம்னு."

"பாத்தியா?"

"தோலுதான் சார் தெரிஞ்சிச்சி," என்றாள். சின்ன வயதில் நடந்த விஷயம். அந்த ஏமாற்றம் அவள் முகத்தில் அன்று காலையில் நடந்த மாதிரி இருந்தது.

எங்கள் மேனேஜர் சித்தூர்க்காரர், தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் வரும். கோபமும் பக்தியும் மட்டும் தெலுங்கில்தான் வரும். அவருக்குத்தான் அவள் முதலில் எந்துக்கம்மா ஆனாள். எந்துக்கு என்றால் தெலுங்கில் ஏன். "எந்துக்கம்மா வச்சிந்தா?", வந்தாச்சா, என்று அவர் காலையில் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார், ஒரே மாதத்தில் ஃபாக்டரி முழுக்க அதுவே பெயராகிவிட்டது. நிஜப் பெயர் அட்டெண்டன்ஸில் மட்டும் இருந்தது. எனக்கு இப்போது அது ஞாபகத்தில் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அட்டெண்டன்ஸ் என்றதும் இன்னொன்று. காலையில் உள்ளே வரும்போது மெஷினில் கட்டை விரல் வைக்க வேண்டும். ஆண்கள் வைத்தால் உடனே பச்சை விளக்கு எரியும். பெண்கள் வைத்தால் சிவப்பு. துடைத்து வை, அழுத்தி வை, மறுபடி வை என்று வரிசை கேட் வரைக்கும் போகும். பெல்ட் கால் மணி தாமதமாகத்தான் கிளம்பும். மெஷின் ரிப்பேர் என்று திருப்பதியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மெஷின் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் பெண்கள் சரியில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அவள் மட்டும் மெஷினைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தி கையாகப் பிடித்து விரலைப் பார்த்துக்கொண்டே போனாள். கை ஜோசியமா என்று சிரித்தார்கள். மறுநாள் என்னிடம் வந்தாள்.

"மாங்காப் பாலு தோலை அரிச்சிடுது சார். க்ளவுசு அரை மணில கிழிஞ்சிடுது. வேல செய்யற கைல ரேகையே இல்ல, மழமழன்னு கீது. மெஷினு எத்தப் பாத்து விளக்கு போடும்? இடது கை சுண்டு விரலு பழத்துல படறதே இல்ல. அத்த பதிஞ்சி வச்சிக்கினா இன்னா?"

அரை நாள் வேலை. எல்லாருடைய இடது சுண்டு விரலையும் பதிந்தோம். அதற்கடுத்த நாளிலிருந்து வரிசையே இல்லை, பெல்ட் மணியடித்த மாதிரி கிளம்பியது. அந்த மாத ரிப்போர்ட்டில் "வருகைப் பதிவு முறை சீர் செய்யப்பட்டது" என்று எழுதினேன். யார் சீர் செய்தது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அவள் கேள்வியால் எல்லாருக்கும் நல்லதே நடந்தது என்று நான் சொல்லவில்லை. கமலாக்காவைக் கேட்டால் தெரியும். கமலாக்கா இரண்டாம் லைனில் பழம் பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி, பதினோரு சீசன் பார்த்தவர். அவர் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை திருப்பதியில் லாட்ஜ் மேனேஜர் என்று சாப்பாட்டு நேரத்தில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னால எங்கக்கா வேல செஞ்சாரு?" என்றாள் இவள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ரேணிகுண்டால எதோ கம்பெனி."

"அதுக்கு முன்னால?"

"காளஹஸ்தில துணிக் கடை."

"அதுக்கு முன்னால?"

இப்படியே போய், இரண்டு வருஷத்தில் ஐந்து வேலை என்று வந்தபோது கமலாக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். கல்யாணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கமலாக்கா அவளோடு பேசவில்லை. கமலாக்கா பேசவில்லை என்றால் லைனே பேசாது. மாசக்கணக்கில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். "நான் வேணாம்னா சொன்னேன்? கேட்டேன் சார், அவ்ளோதான்," என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். கேட்டதில் என்ன தப்பு என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த அளவுக்கு உலகம் தெரியாதவளைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவள் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆரத்தி.

இரண்டாம் லைனில் கூழைச் சூடாக்குகிற பெரிய தொட்டி உண்டு. அதற்கு மேலே ஆவி போவதற்குப் புகைக்கூண்டு மாதிரி ஒரு ஸ்டீல் கூண்டைக் கவிழ்த்து வைத்திருக்கும். பக்கத்துத் தூணில் ஏழுமலையான் படம். காலையில் மெஷின் போடுவதற்கு முன்னால், இந்தக் காலித் தொட்டிக்கு முன் நின்று கற்பூரம் காட்டாமல் எங்கள் ஃபாக்டரியில் எந்த லைனும் கிளம்பாது. மேனேஜரின் ஏற்பாடு. முதலில் ஒரு ஆபரேட்டர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலையை விட்டுப் போனதும், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் காட்டட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எப்போதும் முதலில் வருவது அவள்தான். ஆகவே தட்டு அவள் கைக்கு வந்தது.

அவள் காட்டுகிற ஆரத்தியைப் பார்க்க வேண்டும். கற்பூரத்தில் கஞ்சத்தனமே கிடையாது, பெரிய கட்டியாக வைப்பாள். வளைந்த கையால் கூண்டுக்குக் கீழே மூன்று சுற்று, நிதானமாக. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவாள். பேசாத கமலாக்காவும் அந்தத் தட்டில் மட்டும் கை வைப்பார். மேனேஜர் கண்ணை மூடி ஒற்றிக்கொள்வார். அந்த நேரத்தில் எனக்கு லேபில் பழத்தின் இனிப்பு அளவு பார்க்கிற வேலை இருக்கும், போய்விடுவேன்.

இரண்டாவது சீசனின் நடுவில் அந்தப் புள்ளிகள் வந்தன.

கூழை வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிப் பார்ப்போம். கறுப்புப் புள்ளி ஒன்றிரண்டு இருந்தால் வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் லைன் கூழில் ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்தது. மற்ற லைன்களில் இல்லை. சென்னையிலிருந்து வாங்குகிறவர்கள் ஒரு லாரி ட்ரம்மைத் திருப்பி அனுப்பினார்கள். கறுப்புப் புள்ளி என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். தோலில் கறுப்பு விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டிருக்கிறார்கள். பொறுக்குகிறவர்கள் தூங்குகிறார்கள். நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

முதலில் கமலாக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு சீசன் வேலை பார்த்தவர் தலைத் தொப்பியைக் கழற்றி மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் புள்ளி குறையவில்லை. புதன்கிழமை மேனேஜர் முடிவைச் சொன்னார். சனிக்கிழமை சென்னை ஆள் மறுபடி வந்து பார்ப்பார். அப்போதும் இப்படியே இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் லைன் நிறுத்தம், இருபத்திரண்டு பெண்களும் வீட்டுக்கு. எங்கள் பக்கம் மாம்பழ சீசன் என்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதக் கூலியில்தான் பிள்ளைகளின் ஸ்கூல், கல்யாணம், எல்லாம். நடு சீசனில் நிறுத்தினால் வேறு ஃபாக்டரியிலும் இடம் கிடைக்காது. அன்று கம்பெனி பஸ்ஸில் ஊர் வரைக்கும் கூலிக் கணக்கே போட்டுக்கொண்டு போனார்கள் என்று டிரைவர் சொன்னார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் லேபுக்குள் வந்து நின்றாள். லைன் பெண்கள் லேபுக்கு வரக்கூடாது.

"அந்தப் புள்ளிய நான் ஒருவாட்டி பாக்கணும் சார்."

"பாத்து இன்னா பண்ணப் போற? எண்ணியாச்சி. ஒம்போது."

"எத்தினின்னு கேக்கல. இன்னாதுன்னு கேக்கறேன்."

எனக்கு அப்போது சுருக்கென்றது. இத்தனை நாள் நாங்கள் எண்ணிக்கொண்டு மட்டும்தான் இருந்தோம். கெமிஸ்ட்டும் எண்ணினார், நானும் எண்ணினேன், சென்னைக்காரரும் எண்ணினார். அது என்ன என்று ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை. நான் வெள்ளைத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் விரல் நுனியால் ஒரு புள்ளியை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். கறுப்பாக ஒரு கோடு இழுத்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கோடு.

"இது பழத் தோலு இல்ல சார். தோலுன்னா தேச்சா சுருளும். இது இழுவுது. மை."

"மையா?"

"வெளக்குப் பொகைய தட்டுல புடிச்சி புள்ளைங்களுக்கு வைப்போமே, அந்த மை." பிறகு லேப் நோட்டைத் திருப்பச் சொன்னாள். தினமும் முதல் ட்ரம்மில் புள்ளி இல்லை, தொட்டியில் ஆவி ஏறிய பிறகுதான் வருகிறது என்று அதில் எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. "காலைல அதே பழம், அதே பொம்பளைங்க. ஆவி வந்தப்புறம்தான் புள்ளி. அப்ப மேலருந்து சொட்டுது. மேல மை கீது. மைன்னா பொகை. பொகைன்னா நெருப்பு. அதுக்கு முன்னால..."

நின்றுவிட்டாள். அந்தக் கேள்வியை அவள் முடிக்காமல் விட்டதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்தக் கூடத்தில் நெருப்பு பற்ற வைக்கிற ஆள் ஒருத்திதான் உண்டு.

ஏணியை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். மேலே ஏறி, தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, கூண்டின் உட்புறத்தில் அழுத்தித் துடைத்தாள். நாங்கள் தொட்டியை தினமும் கழுவினோம், குழாயைக் கழுவினோம், தரையைக் கழுவினோம். அண்ணாந்து பார்த்துக் கூண்டின் உள்பக்கத்தைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. தொப்பி கன்னங்கரேலென்று இறங்கி வந்தது. ஒன்றரை சீசன் கற்பூரம்.

ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"இத பாரு," என்றேன். "யாருக்கும் தெரிய வேணாம். கூண்ட இப்பவே கழுவிடலாம். நாளைலருந்து கற்பூரம் வேணாம்னு எதாவது சொல்லி நிறுத்திடறேன். லைனு ஓடும். உன் வேலையும் இருக்கும்."

"அப்ப கமலாக்கா?"

நான் தண்ணீர் வாளியை எடுக்கத் திரும்பினேன்.

"அவங்க தூங்கிட்டாங்கன்னு எழுதி வச்சிக்கிறீங்க. அது அப்டியே இருக்குமா?" தொப்பியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க ஊரு கோயில்ல தட்டு எங்க கைக்கு வராது சார். தூரத்துலருந்து கும்பிட்டுக்குவோம். மொத மொத இங்கதான் கைக்கு வந்துச்சி. நல்லா காட்டணும்னுதான் பெரிய கட்டியா வச்சேன்."

எங்களுக்கு நகரிக்குப் பக்கத்தில் பாட்டன் காலத்து மாந்தோப்பு. அவளுடைய நைனா அதே மாதிரி யாரோ ஒருவர் தோப்பில் காவல் இருந்தவர். எங்கள் ஊர்க் கோயிலில் தட்டு எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இத விட்டுடு," என்றேன் மறுபடியும்.

"ஊரையே கேட்டுட்டு என்னை மட்டும் விட்டுட்டா அது கேள்வி இல்ல சார். கோள் சொல்றது," என்று எழுந்தாள்.

சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்துக்குள் வந்தபோது மேனேஜரும் வந்தார். அவள் எல்லாருக்கும் முன்னால் அந்தத் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். சுற்றி வளைக்கவில்லை. "புள்ளி பழத்துல இல்ல. நான் காட்டுன கற்பூரம். கமலாக்கா மேல தப்பு இல்ல," என்றாள். உள்ளங்கையில் இழுத்த கறுப்புக் கோட்டையும் காட்டினாள். இருபத்திரண்டு பேருடைய வயிற்றில் அடிக்க இருந்தது தன் கை என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தர் நின்று நான் பார்த்ததில்லை.

மேனேஜர் தொப்பியை வாங்கிப் பார்த்தார். அவர் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்ட நெருப்பு அது. கடைசியில் கேட்டார்: "எந்துக்கு செப்பேவு?" ஏன் சொன்னாய் என்று. அவளை எந்துக்கம்மா என்று கூப்பிட்டவர் முதல் தடவையாக அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அடிகேதி நேனே கதா சார்," என்றாள். கேட்கிறவள் நான்தானே.

அன்று சாயங்காலத்துக்குள் கூண்டைக் கழற்றி இறக்கிச் சுரண்டி, சோடா போட்டு வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தோம். நானும் துடைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜருக்கு அடுத்த கவலை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஹாரத்தி இல்லாமல் எப்படி லைன் போடுவது?

"கேட்டாண்ட காட்டுங்க சார்," என்றாள். "பழம் வர்ற வழிலதான சாமியும் வரணும்." ஆனால் தட்டை அவள் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் பெல்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கேட்டுக்கு வெளியே திறந்த வெளியில் மேனேஜரே கற்பூரம் காட்டினார்.

லைன் கிளம்பியது. முதல் ட்ரம்மில் புள்ளி இல்லை, அது எப்போதும் இல்லாததுதான். ஆவி ஏறியது. இரண்டாவது ட்ரம்மின் சாம்பிள் லேபுக்குப் போனபோது பெல்ட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் லேப் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை அழுகல் தாண்டிப் போனதோ, நான் திட்டவில்லை. கெமிஸ்ட் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஜீரோ."

மூன்றாவது ட்ரம், ஜீரோ. நாலாவது, ஜீரோ. ஐந்தாவதில் ஒன்று வந்தது. அதை அவளே வந்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். சுருண்டது. தோல். "இது நம்ம கணக்கு," என்று சொல்லி, பெல்ட்டுக்குப் போய் எல்லாரையும் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தி விசில் அடித்தாள். பெண்கள் விசில் அடித்து எங்கள் ஃபாக்டரியில் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் அடித்திருப்பேன், எனக்கு வராது.

சனிக்கிழமை சென்னை ஆள் வந்தார். தானே ட்ரம்மைத் தேர்ந்தெடுத்து, தானே திறந்து, தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். இன்னொரு ட்ரம் என்றார். இன்னொன்று என்றார். பிறகு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை லோடு அனுப்புங்கள் என்றார். போகும்போது, என்ன கோளாறு இருந்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு," என்றேன். சொன்னாள். அவர் கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, மற்ற இரண்டு லைன் கூண்டுகளையும் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். அந்த சீசனில் மூன்று லைன்களில் அதிகக் கூழ் இறக்கியது இரண்டாம் லைன்தான். சீசன் முடிவதற்குள் அவளுக்கு லேபில் வெள்ளைக் கோட்டு கிடைத்தது. கெமிஸ்ட்டின் நிம்மதி போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் இப்போது திருப்பதியில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். என்னிடம் யாராவது ஒரு கோளாறைக் கொண்டுவந்தால், நான் கேட்கிற முதல் கேள்வி அவளிடமிருந்து திருடியது. அதை அவளிடம் சொல்லவில்லை என்ற பழைய குறை அப்படியே இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. முந்தின நாளே நான் கமலாக்கா வீட்டுக்குப் போய் என் தப்பைச் சொல்லி, அவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போன தொப்பியைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். காலை பஸ்ஸில் அவர் அதைப் போட்டுக்கொண்டே இறங்கினார். கேட்டுக்குப் பக்கத்தில் மேனேஜர் தட்டோடு நின்றிருந்தார். கமலாக்கா நேராகப் போய் அவர் கையிலிருந்து தட்டை வாங்கினார். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றிருந்த இவளிடம் போனார். மாசக்கணக்கில் பேசாதவர் பேசினார்.

"புடி. யாரு காட்டுனாலும் மை வரத்தான் செய்யும். அது எங்கருந்து வருதுன்னு கேக்கற வாயி உனக்குத்தான் கீது."

அவள் வாங்கிக்கொண்டாள். வளைந்த கையால் மூன்று சுற்று. இந்தத் தடவை சின்னக் கட்டி. பிறகு ஒவ்வொருவரிடமாக வந்தாள். கமலாக்கா, மேனேஜர், கெமிஸ்ட், டிரைவர், லோடு இறக்குகிறவர்கள். எனக்கு லேபில் வேலை இருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பிக்கூட விட்டது. திரும்பினால் அவள் எதிரே நிற்கிறாள்.

"தெனம் தட்டு வர்ற நேரத்துக்கு நீங்க மட்டும் லேபுக்குப் போயிக்கினு இருந்தீங்க சார்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஏன்?"

"இனிப்பு அளவு பாக்கணும்..."

"அதுக்கு முன்னால?"

"பழக்கம்."

"அதுக்கு முன்னால?"

குரலில் கோபமில்லை. அழுகின பழத்தைத் திருப்பிப் பார்த்தபோது இருந்த அதே முகம். ஒன்றரை சீசனாக அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள். எங்கள் ஊர்க் கோயிலில் தட்டு நின்றுவிடுகிற அதே இடம்தான் என் பதில், அதை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டி நெருப்பின் மேல் வைத்தேன். சூடு உள்ளங்கையில் ஏறும்வரை எடுக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டபோது கண் ஈரமாக இருந்தது, அதற்குக் கற்பூரப் புகையைக் காரணம் சொல்ல மாட்டேன்.

அவள் தட்டைக் கேட் ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லைனப் போடுங்க சார்," என்றாள். "டைம் ஆவுது."